செவ்வாய், வெள்ளி மட்டும் இருமும் வண்டி

அத்தியாயம் 5

மேற்குத் தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, பழக்கடைக்காரர்களின் கூச்சலைத் தாண்டி, மூன்றாவது கட்டடத்தின் மாடியைப் பார்த்தால் 'ஜோதி புலனாய்வு' என்ற பலகை தெரியும். கீழே ஜெராக்ஸ் கடை. பலகையில் வரைந்த அம்புக்குறி தவறுதலாகக் கீழே பார்ப்பதால், துப்பறியச் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் ஆதார் அட்டை நகலோடு வீடு திரும்பிவிடுகிறார்கள் என்பது உதவியாளன் பத்ரியின் நீண்ட நாள் வருத்தம்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு மூச்சிரைக்க மாடியேறி வந்தவர் தப்பிப் பிழைத்த மீதிப் பாதியைச் சேர்ந்தவர். முழங்கை வரை கிரீஸ். சட்டைப் பையில் ஒரு ஸ்பானர், பேனாவைப் போலக் குத்தியிருந்தது.

"அக்கா, நாலு மணிக்கு என் ஷெட்டை இஸ்த்துப் பூட்டப் போறாங்க. நீங்கதான் காப்பாத்தணும்."

ஞானஜோதி நாற்காலியைக் காட்டினாள். பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பரிசோதித்துச் சலித்து, பிறகு அடிபட்ட மனிதர்களுக்காகத் துப்பறிய வந்தவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அதை உருவினால் கேஸ் தொடங்கிவிட்டது என்று பொருள். உருவினாள்.

"பேர் ஜெரோம். பம்மல்ல பதினாலு வருஷமா மெக்கானிக் ஷெட் வெச்சிக்கினு கீறேன். இடம் தசரதன் அண்ணாவோடது. கீழ்க்கட்டளைல பாதி மனை அவருதுதான். அவராண்ட இருபது வருஷத்துப் பெட்ரோல் எஸ்.யு.வி. ஒண்ணு கீது. அது மிஸ்ஸிங் அடிக்குதுக்கா."

"வண்டியையே காணோமா?" என்றான் பத்ரி. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் இன்னும் நான்கு பாடம் பாக்கி வைத்திருப்பவன்.

"இல்ல சார். இன்ஜின்ல நாலு சிலிண்டரு. ரெண்டு எரியாம விட்டு விட்டு ஓடும். நாலு பேர் தூக்கற பல்லக்குல ரெண்டு பேர் தோளை எடுத்துட்டா எப்பிடி? அந்த மாரி குலுங்கும், இருமும். ஆனா செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் மட்டும்தான். மத்த நாள்ல குதிரை."

பென்சில் நின்றது. "செவ்வாய், வெள்ளி மட்டுமா?"

"மாதா சத்தியமா. ப்ளக் மாத்தினேன், ப்ளக் ஒயர் மாத்தினேன், காயில் மாத்தினேன். நான் கை வெச்சா சரியாவுது. மூணாம் நாள் திருப்பி வருது. நல்ல பார்ட்டை உருவிக்கினு டூப்ளிகேட் மாட்டறேன்னு சொல்றாரு. இன்னிக்குக் காலைல மறுபடி மிஸ்ஸிங். ஷெட்டு நடுவுல சேரைப் போட்டு உக்காந்துகினாரு. கைல திண்டுக்கல் பூட்டு. நாலு மணிக்குள்ள காரணம் சொல்லலைன்னா பூட்டிட்டு, டூப்ளிகேட் மெக்கானிக்னு போர்டு வெப்பாராம். பம்மல்ல அந்தப் பேர் வாங்கினா அப்புறம் சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட எவனும் வரமாட்டான்கா."

"வாரத்துக்கு ரெண்டு நாள்னா, வண்டி விரதம் இருக்கோ என்னவோ," என்றான் பத்ரி.

ஞானஜோதி எழுந்துவிட்டாள். "ஜெரோம், நீங்க ஷெட்டுக்குப் போங்க. வண்டியைத் தொடாதீங்க. நாங்க கீழ்க்கட்டளை போயிட்டு வரோம்."

"வண்டி பம்மல்ல நிக்குது மேடம். நாம எதுக்குக் கீழ்க்கட்டளை?"

"இருமறவன் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டான் பத்ரி. அவனுக்குச் சளி பிடிச்ச இடம் வீடுதானே?"

*

பல்லாவரம் வரை நெரிசல். பத்ரி ஸ்கூட்டரை இரண்டு பஸ்ஸுக்கு நடுவே, ஊசிக்குள் நூல் போலச் செலுத்தினான். பின்னால் இருந்தவள் கண்ணைத் திறந்தபோது கீழ்க்கட்டளை வந்திருந்தது.

தசரதன் வீடு மூன்று மாடி. தெருவிலுள்ள மற்ற வீடுகளில் எல்லாம் நாக்கை நீட்டிய பூசணிக்காயோ, எலுமிச்சை மிளகாய்ச் சரமோ தொங்கியது. இந்த வீட்டு வாசல் மட்டும் மழித்த முகம் போல வெறுமையாக இருந்தது.

"அவருக்கு அதெல்லாம் ஆவாது," என்றார் தசரதனின் மனைவி கங்கையம்மாள், இரண்டு டம்ளர் மோரை நீட்டியபடி. "மேடைக்கு மேடை பகுத்தறிவு பேசறவரு. போன தீவாளிக்கு நான் கட்டின எலுமிச்சம்பழத்தைப் புடுங்கிச் சாக்கடைல போட்டுட்டாரு. கோவக்காரரு. ஆனா மனசு தங்கம்மா."

பத்ரி ஒரு மடக்கு குடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கங்கையம்மாளே சொல்லிவிட்டார்.

"உப்பு தீந்துபோச்சு தம்பி. ஒரு கிலோ கல்லுப்பு பத்து நாள்கூட வரமாட்டேங்குது. நம்ம தமிழினிதான் மூஞ்சில எதையோ தேய்ச்சுக்கறாளோன்னு கேட்டேன். பெத்த பொண்ணு, என்னைய சண்டைக்கு இழுக்கறா."

வண்டி துடைக்கும் டிரைவர் தினகரன் ஓரமாக நின்றிருந்தான். பத்ரிக்கு அவனைப் பார்த்ததும் மூளையில் பல்பு எரிந்தது.

"தினகரன், வண்டியை என்னிக்கு என்னிக்குக் கழுவுவீங்க?"

"செவ்வா, வெள்ளி சார்."

பத்ரி வெற்றிப் புன்னகையோடு மேடத்தைப் பார்த்தான். "முடிஞ்சது கேஸ்! ஹோஸ் பைப்பைப் பிடிச்சு இன்ஜின் உள்ள தண்ணியை அடிச்சிருக்கார். ப்ளக்ல தண்ணி, வண்டிக்கு இருமல். கிளம்பலாமா?"

"இன்ஜின் மேலயா?" தினகரன் சிரித்தேவிட்டான். "பானெட்டுக்குப் பூட்டு கீது சார். போன வருஷம் எவனோ பேட்டரியத் தூக்கிட்டான். அப்போ கொண்டி வெல்டு வெச்சுப் பூட்டினவருதான். சாவி அண்ணா அரைஞாண் கயித்துல. குளிக்கறப்பகூட கயட்டமாட்டாரு. நான் வண்டிய வெளியதான் பாத்துக்கீறேன், உள்ள எந்த நிறம்னுகூடத் தெரியாது."

பத்ரியின் பல்பு ஃபியூஸ் ஆனது.

"அப்போ உள்ளே யார் பார்ப்பாங்க? ஆயில், தண்ணி?" என்று கேட்டாள் ஞானஜோதி.

"அவரேதான்," என்றார் கங்கையம்மாள். "செவ்வா, வெள்ளின்னா விடியக்காலைல ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறேன்னு சொம்பை எடுத்துக்கினு போயிடுவாரு. வேற யாரையும் அண்ட விடமாட்டாரு."

"இது எப்போல இருந்து?"

"ஆடி மாசத்துப் பெரிய மழைல வண்டி ரோட்ல நின்னுச்சு பாரு, அதுலருந்து. அதுக்கு மொத நாள்தான் எதிர்வூட்டு வைத்தீஸ்வரன் சாரு, இருபது வருஷ வண்டியா, புதுசாட்டம் ஓடுதேன்னு மெச்சிக்கினாரு. கண்ணு பட்டுடுச்சுன்னு நான் சொன்னதுக்கு, அடேயப்பா, ஒரு மணி நேரம் சொற்பொழிவு."

ஞானஜோதி உப்பில்லாத மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா அம்மா?" என்றாள்.

எந்த மேடத்துக்கு மோரே பிடிக்காதோ அந்த மேடம் இரண்டாவது டம்ளர் கேட்கிறாள் என்றால், அதில் மோரைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. பத்ரி தன் டம்ளருக்குள் உற்றுப் பார்த்தான். ஒரு கறிவேப்பிலை இருந்தது. அதோடு சரி.

*

பம்மல் ஷெட்டை அடைந்தபோது மணி மூன்று. எதிர் டீக்கடையில் வழக்கத்தைவிட இருபது பேர் கூடுதல். ஒரு கடைக்குப் பூட்டு விழுவதை நேரில் பார்க்கும் பாக்கியம் தினமும் கிடைக்குமா?

ஷெட்டின் நடுவே தசரதன் வீற்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கம்பி மீசை, மடியில் குழந்தை போலப் பூட்டு. அவருக்குப் பின்னால் யானைக் குட்டி மாதிரி அந்த எஸ்.யு.வி. பின் கண்ணாடியில் 'அறிவே ஆயுதம்' என்று ஸ்டிக்கர்.

"நீதான் துப்பறியற பொண்ணாம்மா? நல்லா துப்பறி. ஒரு மணி நேரம் கீது."

"வணக்கங்க ஐயா. பூட்டு புதுசா?"

"இதுக்குன்னு போய்ப் புதுசு வாங்குவாங்களா? பானெட்டுல தொங்கினதையே கயட்டிக்கினு வந்துட்டேன்."

பத்ரி எட்டிப் பார்த்தான். சாவித் துவாரத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூட்டுக்குக்கூடப் பல் தேய்த்துவிடும் குடும்பம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

ஜெரோம் பானெட்டைத் திறந்து, கம்பி முட்டுக் கொடுத்து நிறுத்தினார். நான்கு ப்ளக்குகளையும் கழற்றிச் செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். பின்பக்கத்து இரண்டும் பளிச்சென்று டீ நிறம். முன்பக்கத்து இரண்டும் கரி பிடித்து, எரியாத பெட்ரோலில் நனைந்து, தீபாவளிக்கு மறுநாள் காலைப் பட்டாசு போல இருந்தன.

"ஒவ்வொரு தடவையும் இதே ரெண்டுதானா?"

"ஆமாக்கா. முன்னாடி ரெண்டும். போன வாரம் முன்னாடி ஒயரைப் பின்னாடியும், பின்னாடி ஒயரை முன்னாடியும் மாத்திப் போட்டுக்கூடப் பாத்தேன். அப்பவும் முன்னாடி ரெண்டுதான் எரியல."

"அதாவது, ஆளுங்க வீடு மாறியாச்சு. திருட்டு மட்டும் அதே வீட்ல நடக்குது. அப்போ ஆளுங்க மேல குத்தமில்ல." ஞானஜோதி ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். "இந்தக் கூலன்ட் எப்போ ஊத்தினது?"

"ஆறு மாசம் ஆவுது. சும்மா பச்சைப் பசேல்னு கீது பாருங்க. நடுவுல ஒரு சொம்பு கொழாத் தண்ணி ஊத்தியிருந்தாலும் நிறம் வெளுத்திருக்கும்."

தசரதனின் நாற்காலி 'கிறீச்' என்றது.

"இன்னாம்மா சுத்திச் சுத்தி வர?" என்று அவர் குரலை உயர்த்தினார், டீக்கடைக்கும் கேட்கும்படி. "நான் அறிவை வெச்சு யோசிக்கறவன். கேட்டுக்கோ. பானெட்டு சாவி என் இடுப்புல. இது தொறக்கறதைக் கண்ணால பாத்தவங்க உலகத்துலயே ரெண்டு பேரு. ஒண்ணு நானு, ஒண்ணு இவன். என் வண்டிய நானே கெடுத்துக்குவனா? அப்போ யாரு?"

டீக்கடையில் ஒருவர் கை தட்டினார்.

"நீங்க சொல்ற கணக்கு ரொம்பச் சரிங்க ஐயா," என்றாள் ஞானஜோதி. "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்."

ஜெரோமின் முகம் வெளிறிப்போனது. 'மேடம், நாம யார் கட்சி?' என்று பத்ரி கண்ணாலேயே கேட்டான். அவளோ வேறு வேலையில் இருந்தாள்.

"பக்கத்து சலூன்ல தலைக்குத் தண்ணி பீச்சற பாட்டில் இருக்கும், வாங்கிட்டு வா. ஜெரோம், ப்ளக்கைத் துடைச்சு மாட்டுங்க. ஒரு பெரிய தார்ப்பாய் வேணும்."

*

மூன்று நாற்பதுக்கு, பம்மல் மக்கள் அதுவரை கண்டிராத ஒரு காட்சியைக் கண்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் திறந்த பானெட்டை மூடி நீலத் தார்ப்பாய். அதற்குள் நான்கு தலைகள். வெளியே நான்கு பின்புறங்கள் மட்டும் வரிசையாக.

உள்ளே கும்மிருட்டு. இன்ஜின் சூட்டில் நால்வருக்கும் வேர்த்து ஊற்றியது.

"பாருங்க ஐயா," என்று கிசுகிசுத்தாள் ஞானஜோதி. "முதல்ல பின்னாடி ரெண்டு ஒயர்."

புஸ், புஸ் என்று தண்ணீர் பீச்சினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் பூனை போல உறுமிக்கொண்டு ஓடியது.

"இப்போ முன்னாடி."

புஸ்.

'டிக், டிக், சட், சட்' என்று சத்தம். இருட்டுக்குள் நீல நிறத்தில் மின்மினிகள் போலப் பொறிகள் ஒயரை விட்டுத் துள்ளி, இரும்பின் மேல் குதித்து, திரும்பத் துள்ளின. வண்டி குலுங்கி இருமத் தொடங்கியது. எதற்கும் ஆதாரமாக எதையாவது பிடித்துக்கொள்வோம் என்று பத்ரி கையை ஊன்றிய இடம், மிகச் சரியாக, இரண்டாவது ஒயர்.

"அய்யய்யோ அம்மா!"

வரிசையில் மூன்றாவது பின்புறம் மட்டும் ஓரடி உயரம் எழும்பி இறங்கியதைப் பார்த்து டீக்கடையே ஆரவாரித்தது.

"இன்ஜினை அணைங்க ஜெரோம்," என்றாள் ஞானஜோதி, ஒன்றுமே நடக்காதது போல. அவர் போய் அணைத்துவிட்டு மறுபடி தார்ப்பாய்க்குள் நுழைந்ததும் தொடர்ந்தாள். "நாலும் புது ஒயர். புது ஒயர் மேல நல்ல தண்ணி பட்டா கரண்ட் வெளிய ஓடாது. பின்னாடி பாத்தீங்க. முன்னாடி மட்டும் ஓடுதுன்னா, ஒயர் மேல தண்ணியோட கலந்து கரண்டுக்கு வழி விடற வஸ்து ஏதோ காஞ்சு கிடக்கு. பத்ரி, நாக்கை நீட்டு."

"மேடம், இப்பத்தான் செத்துப் பொழைச்சேன்."

"நீட்டு."

ப்ளக் மூடியின் ரப்பரில் பூத்திருந்த வெள்ளையைச் சுண்டுவிரலால் வழித்து அவன் நாக்கில் வைத்தாள். பத்ரி சப்புக்கொட்டினான். இருட்டில் அவன் கண்கள் விரிந்தது யாருக்கும் தெரியவில்லை.

"மேடம்! மோர்ல இல்லாதது இங்க இருக்கு!"

"உப்பா?" என்றார் ஜெரோம். "நான் பேட்டரி பூத்துக்கினு கீதுன்னு இல்ல தொடைச்சுத் தொடைச்சுப் போட்டேன்! வண்டி இங்க வந்து சேர்றதுக்குள்ள இன்ஜின் சூட்டுல தண்ணி காஞ்சிடும். அதான் நான் கை வெச்சதும் சரியாயிடுது."

"மெக்கானிக் பானெட்டைத் திறந்தா முட்டுக் கொடுத்து முழுசாத் திறப்பார். அப்போ ஊத்தினா நாலும் நனையும்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "முன்னாடி ரெண்டு மட்டும் நனையணும்னா, எதிர்வீட்டுக்காரங்க கண்ல படாம பானெட்டை ஒரு சாண் மட்டும் தூக்கி, கையை உள்ளே விட்டு ஊத்தணும். திரும்பப் பூட்டும்போது அந்த ஈரக் கை பூட்டு மேலயும் படும். காலைல சொம்பு நிறையப் போன தண்ணி ரேடியேட்டருக்குப் போகலை. சமையல்கட்டுல கல்லுப்பு நிக்கலை. ரெண்டே பேர்னு ஐயாவே சொல்லிட்டார்."

 தார்ப்பாய்க்குள் இன்ஜின் ஆறும் 'டிங் டிங்' ஓசை கேட்டது.

பத்ரி பழக்க தோஷத்தில் பாயின் நுனியைத் தூக்கப் போனான். இருட்டிலிருந்து ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"தூக்காத தம்பி," என்றது தசரதனின் குரல். மேடையில் கேட்டிராத சின்னக் குரல். "இருட்டாவே இருக்கட்டும்."

அவர் பத்ரியின் மணிக்கட்டை விடாமலே பேசினார்.

"தமிழினி பொறந்த வருஷம் வாங்கின வண்டிம்மா இது. எதிர்வூட்டு ஆளு மெச்சினாரு, மறுநாள் மழைல நடுரோட்ல நின்னுடுச்சு. கங்கா சொன்னா, கண்ணுன்னு. போடி மூடமேன்னு கத்திட்டேன். ஆனா படுத்தா தூக்கம் வரல. எங்க அம்மா செவ்வா, வெள்ளின்னா கண்ணு கழிய எனக்கு உப்பு சுத்திச் சொம்புல கரைச்சுக் கொட்டுவாங்க. அது நெனப்புக்கு வந்துச்சு. தெருவுல கொட்டினா நாளைக்கு எவனாவது மேடைல கேப்பான். அதான்... உள்ள." மூச்சு விட்டார். "மிஸ்ஸிங் அதிகமாக ஆக, கண்ணு ரொம்பப் பலமாப் பட்டிருக்குன்னு உப்பையும் ஏத்திக்கினே போனேன்."

"மொத நாள் நின்னது பழைய ஒயர் அண்ணா," என்றார் ஜெரோம். "அன்னிக்கே மாத்திட்டேன். அதோட முடிஞ்சுபோன வியாதி."

"அப்புறம் வந்ததெல்லாம் வைத்தியம்," என்றான் பத்ரி. ஷாக் அடித்தாலும் வாய் அடிபடவில்லை.

"ஐயா, வெளிய போய் என்ன சொல்றதுங்கறது உங்க இஷ்டம்," என்றாள் ஞானஜோதி. "ஆனா எதிர்ல இருபது பேர் காத்திருக்காங்க. ஜெரோம் பேர்ல ஒரு சின்னக் கறைகூட மிஞ்சக்கூடாது. வண்டில என்ன கெட்டதுன்னு அவங்க கேட்பாங்க."

*

தார்ப்பாய் விலகியது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தசரதன் நிமிர்ந்தபோது, டீக்கடை முழுக்க ஷெட்டு வாசலுக்கு வந்திருந்தது. கூட்டத்தின் முன்னால் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய கங்கையம்மாள். ஒரு கையில் கணவருக்கான சாப்பாட்டுக் கேரியர். இன்னொரு கையில், வழியில் வாங்கிய கல்லுப்பு, ஒரு கிலோ.

தசரதன் அந்தப் பாக்கெட்டையே பார்த்தார்.

"இன்னா அண்ணா, பூட்டறியா?" என்றது ஒரு குரல். "டூப்ளிகேட்டு மாட்டிக்கினானா?"

மீசை துடித்தது. ஞானஜோதியைப் பார்த்தார்; ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"மாட்டிக்கினான்," என்றார் தசரதன், மேடைக் குரலில். "இவன் போட்ட பார்ட்டு அத்தினியும் ஒரிஜினல். டூப்ளிகேட்டு நான்தான்பா! மேடைல ஒண்ணு பேசிக்கினு, பானெட்டு உள்ள திருட்டுத்தனமா உப்புத் தண்ணி ஊத்திக்கினு இருந்தவன் நான். இவன் மேல பழி போட்டது தப்பு. எல்லாரும் கேட்டுக்கினீங்களா?"

 பம்மலே வெடித்துச் சிரித்தது. ஆச்சரியம், தசரதனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை, மீசை குலுங்க, வண்டி செவ்வாய்க்கிழமை குலுங்குவது போலவே குலுங்கினார்.

கங்கையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. உப்புப் பாக்கெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

"அப்போ வாசல்ல பூசணிக்கா கட்டிக்கலாமா?"

தசரதன் கூட்டத்தைப் பார்த்தார். பின் கண்ணாடி ஸ்டிக்கரைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"சின்னதா பாத்து வாங்கு."

"மணி நாலு," என்றான் பத்ரி. "பூட்டுறேன்னு ஊரறியச் சொன்னீங்களே ஐயா?"

"சொன்ன சொல்லு தவற மாட்டான் தசரதன்."

அவர் பானெட்டை இறக்கினார். கொண்டியை மாட்டினார். திண்டுக்கல் பூட்டு 'க்ளக்' என்று விழுந்தது. பிறகு சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றோடு ஒரு நிமிடம் போராடி, ஒரு வருடமாக அங்கேயே இருந்த சாவியை அவிழ்த்து, ஜெரோமின் கிரீஸ் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காத."